எந்தப் பக்கம்

மின்கட்டண உறையின் முதுகில்
நடுவே ஒரு கோடு இழுத்தான் ஜெயசீலன்.
இந்தப் பக்கம் வாங்கலாம்,
அந்தப் பக்கம் வேண்டாம்.
கோடு சாய்ந்துபோனதில்
வேண்டாமுக்குக் கொஞ்சம் இடம் கூடிவிட்டது.

முதலில் விலை.
கார் சின்னது, அதன் விலையும் ஏறக்குறையச் சின்னது.
அதைச் சாலையில் விடலாம் என்று சொல்லும்
பத்தாண்டுக் காகிதம்தான்.
'யானை மலிவு, அங்குசம்தான் யானை விலை' என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

பத்தாண்டு முடியும்போது
எனக்கு ஐம்பத்தேழு.
யாழ்மொழிக்குப் பதினெட்டு;
ஓட்டக் கற்றுக்கொண்ட வாரத்தில்
காரைப் பழைய இரும்புக்குக் கொடுப்போம்.

இனி பெட்ரோல் இல்லை, புகை இல்லை,
எண்ணெய் மாற்ற காக்கி புக்கிட்டில் காத்திருக்க வேண்டாம்.
'மலாக்கா போகிற வழியில் தீர்ந்துவிட்டால்?'
'மூன்று வருடமாய் நாம் மலாக்கா போகவில்லை.'
'போகமாட்டோம் என்று யார் சொன்னது?'
இதற்கு மட்டும் இரண்டு பக்கமும் எழுதாமல்
கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தான்.

செங்காங்கில் எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடம்,
4பி தளம், மூன்றே மூன்று மின்னேற்றிகள்.
நான் போய் வேவு பார்த்தேன்.
திங்கள் இரவு பதினொன்று: இரண்டு காலி.
செவ்வாய்: ஒன்று காலி, ஆனால் பழுது.
புதன்: ஒரு வெள்ளைக் காருக்குள்
செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையைச் சாய்த்து,
கைப்பேசியில் பந்தாட்டம் பார்க்கிறார் ஒருவர்.
பச்சை விளக்கு எரிகிறது, மின்னேற்றம் முடிந்துவிட்டது.
அவர் வீட்டுக்குப் போவதாயில்லை.
திரும்பி வந்து சொன்னபோது
'இதை எங்கே எழுத?' என்று கேட்டான்.

சனிக்கிழமை லெங் கீ சாலை.
பின்கதவைத் தூக்கி அளவுநாடா போட்டேன்.
வீடு வீடாய்ப் போய்
பக்கவாதம் வந்தவர்களை நடக்கவைக்கிறவள் நான்;
மடக்கும் நடைத்தாங்கி இரண்டு
எப்போதும் வண்டியில் இருக்கும்.
பின் இருக்கையை மடித்தால் உள்ளே போகிறது.
மடித்தால் யாழ்மொழிக்கு இடமில்லை.
விற்பனையாளர் டெரிக் கோ
'யூ கேன் பட் ஒன்லி ஒன், மேடம்' என்றார்,
எதை என்று சொல்லாமல்.

ஓட்டிப் பார்த்தோம்.
ஆயர் ராஜா விரைவுச்சாலையில் மழை.
இவ்வளவு அமைதி ஒரு காருக்குள் இருக்கும்
என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
துடைப்பான் இழுக்கிற சத்தம்,
என் வளையல்,
அவன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.
பழைய வண்டியின் உறுமலுக்குள்
ஏழு வருடமாய் எதையெல்லாம் போட்டு மூடியிருந்தோம்!
கிளமெண்டி தாண்டும்போது கேட்டான்,
முன்னாலிருந்த லாரியிடம் கேட்பது போல:
'வேலையை விடணும்னு இன்னும் நினைக்கிறியா?'

பின்னால் டெரிக் கோ
தமிழ் தெரியாமலேயே
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'ம்' என்றேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
விட்டால் நடைத்தாங்கி இல்லை.
நடைத்தாங்கி இல்லையென்றால் இந்தக் கார் எதற்கு?
கீழே பேருந்து, எட்டு நிமிடத்தில் எம்ஆர்டி.
நான் அளந்த அத்தனை சென்டிமீட்டரும்
விட நினைக்கிற ஒரு வேலைக்காக.

அடுத்த புதன் ஏலம் முடிந்தது.
'ஏறிடுச்சு' என்றான்,
குரலில் வருத்தமா நிம்மதியா, பிடிபடவில்லை.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
உள்ளே மின்கட்டணம், பிரிக்காமலே;
கெடு நேற்றோடு போயிருந்தது.

இரவு, நீலத் தொட்டியில்
பழைய தாள் போடப் போனவன்
அரை மணி நேரம் வரவில்லை.
4பி-யில் வெள்ளைக் காருக்காரரோடு
பேசிக்கொண்டிருந்தானாம்.
அவர் பெயர் ஹம்சாவாம், வீட்டில் கைக்குழந்தையாம்.
நிறுத்திய காரில் ஒரு மணி நேரம்
குளிர்சாதனம் ஓடினால்
ஒன்றிரண்டு சதவீதம்தான் இறங்குமாம்.

'அதையும் எழுது' என்றேன்.
பேனாவை என்னிடம் நீட்டினான்.